சொன்ன சொல் கேளாத சின்ன இரயில்

மேசை மேல் ஓடும் சிறு இரயிலை விரும்பாத குழந்தைகள் அரியர். 1891-ஆம் ஆண்டு ஜெர்மனியின் லைப்சிக் நகரச் சந்தையில் மெர்க்லின் என்னும் பொம்மை நிறுவனம், சாவி கொடுத்தால் எட்டு வடிவப் பாதையில் ஓடும் இரயிலை மக்கள் முன் வைத்தது. அன்று தொடங்கிய ஆர்வம் இன்றும் தணியவில்லை. ஹாம்பர்க் நகரில் இரட்டைச் சகோதரர் இருவர் 2001-இல் திறந்து வைத்த மாதிரி இரயில் காட்சியில், உண்மை இரயிலில் 87-இல் ஒரு பங்கு அளவே உள்ள ஆயிரத்திற்கும் மேற்பட்ட வண்டிகள் உள்ளன. அதைக் காணப் பல நாட்டினரும் வருகின்றனர்.

இது வெறும் விளையாட்டு என்றோ, ஆண்பிள்ளைகளுக்கே உரியது என்றோ நாம் ஒதுக்கிவிட வேண்டா. நம் இயற்பியல் புத்தகத்தில் உள்ள மின்னோட்டப் பாடம் முழுவதும் அந்த மேசையின் மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதிலும், ஓடிக்கொண்டிருந்த இரயில் திடீரென்று சொன்னபடி கேளாமற் போகும்போதுதான் பாடம் சுவைக்கத் தொடங்குகிறது.

குறை பெரும்பாலும் இப்படி இருக்கும்: கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு அருகில் என்ஜின் ஒழுங்காக ஓடுகிறது. மேசையின் மறுகோடிக்குச் சென்றதும் வேகம் குறைகிறது, விளக்கு மினுக்குகிறது. 'நில்' என்று பொத்தானை அழுத்தினால் நிற்பதில்லை. நிற்கச் சொல்லாத இடத்தில் நின்றுவிடுகிறது. "சமிக்ஞைக்குப் பலம் போதவில்லை" என்று பலரும் சொல்லுவர். சிலர் மின்னழுத்தத்தைக் கூட்டுவர். சிலர் என்ஜினைக் குறைகூறி வேறொன்று வாங்குவர். இரண்டும் அவசர முடிவுகள். குறை உண்மையில் எங்கே இருக்கிறது, அதை எவ்வாறு தேடிக் கண்டுபிடிப்பது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

இரண்டு தண்டவாளம், இரண்டு வேலை

பழைய முறையில் தண்டவாளத்திற்கு 0 முதல் 12 வோல்ட் வரை நேர்மின்னழுத்தம் கொடுப்பார்கள். வோல்ட் கூடினால் வேகம் கூடும். மின்னோட்டத்தின் திசையை மாற்றினால் இரயில் பின்னோக்கிச் செல்லும். இம்முறை எளியதே. ஆனால் ஒரே பாதையில் இரண்டு என்ஜின்கள் நின்றால், இரண்டும் சேர்ந்தே ஓடும், சேர்ந்தே நிற்கும். ஒன்றை மட்டும் ஓட்டப் பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிற்கும் தனிச் சுவிட்சு வைக்க வேண்டும்.

இந்தத் தொல்லைக்குத் தீர்வாக வந்ததே டிஜிட்டல் கட்டளைக் கட்டுப்பாடு. சுருக்கமாக இதனை டி.சி.சி. என்பர். இதன் அடிப்படையை 1980-களின் இறுதியில் ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கியது. அமெரிக்காவில் 1935-இல் தோன்றிய தேசிய மாதிரி இரயில் சங்கம் அதனை ஆராய்ந்து 1994-இல் பொதுத் தரநிலையாக ஏற்றுக்கொண்டது. அதனால், ஒரு நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டி மற்றொரு நிறுவனத்தின் என்ஜினுடன் பேச முடிகிறது.

இம்முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கும். நம் கணக்குகளுக்கு அதனை 14 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் என்ஜினுக்குள்ளும் டிகோடர் என்னும் சிறு மின்னணுத் தகடு உண்டு. அதற்கென ஓர் எண்ணும் உண்டு. வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது தன் எண்ணைக் கேட்டதும் மாணவி எழுந்து நிற்பதுபோல, தன் எண்ணுக்குரிய கட்டளையை மட்டும் டிகோடர் ஏற்கும், மற்றவற்றைக் கவனியாது.

கட்டளை எவ்வாறு போய்ச் சேருகிறது? தனிக் கம்பி ஏதும் இல்லை. பூஸ்டர் என்னும் மின்பெருக்கி, இரண்டு தண்டவாளங்களின் நேர், எதிர் முனைகளை வினாடிக்குப் பல்லாயிரம் முறை மாற்றிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு பாதியும் 58 மைக்ரோ வினாடி நீடித்தால் அதன் பொருள் '1'. ஒவ்வொரு பாதியும் 100 மைக்ரோ வினாடியோ அதற்கு மேலோ நீடித்தால் அதன் பொருள் '0'. ஒரு மைக்ரோ வினாடி என்பது ஒரு வினாடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. இந்த 1-களும் 0-களும் சேர்ந்தே கட்டளை ஆகின்றன. அதே மின்சாரத்தை டிகோடர் ஒருதிசைப்படுத்தி மோட்டாருக்கும் விளக்குக்கும் தருகிறது. ஆகவே, உணவும் கடிதமும் ஒரே தபால்காரரின் கையில் வருகின்றன எனலாம். இதை நாம் மறக்கலாகாது. குறையைத் தேடும் வழி முழுவதும் இதிலிருந்தே பிறக்கிறது.

ஒரு கட்டளையைப் பிரித்துப் பார்ப்போம்

3-ஆம் எண் என்ஜினை 28 வேகப் படிகளில் 6-ஆம் படியில் முன்னோக்கி ஓட்ட வேண்டும். பெட்டி முதலில் குறைந்தது பதினான்கு 1-களை அனுப்புகிறது. இது 'கவனி' என்று கைதட்டுவது போன்றது. பின்னர் மூன்று தொகுதிகளை அனுப்புகிறது.

முதல் தொகுதி, என்ஜினின் எண்: 00000011
இரண்டாம் தொகுதி, திசையும் வேகமும்: 01110100
மூன்றாம் தொகுதி, சரிபார்ப்பு: 01110111

மூன்றாம் தொகுதி எப்படி வந்தது? முதல் இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். ஒரே இடத்தில் உள்ள இரண்டு இலக்கங்களும் ஒன்றாக இருந்தால் 0, வேறாக இருந்தால் 1. அவ்வளவுதான். என்ஜினிலுள்ள டிகோடரும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கிறது. வழியில் ஒரே ஓர் இலக்கம் மாறிவிட்டாலும் விடை ஒத்துவராது. ஒத்துவராத கட்டளையை டிகோடர் அப்படியே தள்ளிவிடும். அரைகுறையாகக் கேட்டதை வைத்துத் தவறாக நடப்பதைவிட, மறுமுறை சொல்லும்வரை காத்திருப்பது நல்லது என்பதே அதன் கொள்கை.

நாம் மேலே எழுதிய கட்டளை, தொகுதிகளுக்கு இடையே வரும் 0-களும் இறுதியில் வரும் 1-உம் சேர்ந்து 27 ஒன்றுகளும் 15 பூச்சியங்களும் கொண்டது. ஒரு '1' முழுவதற்கு 116 மைக்ரோ வினாடி. ஒரு '0' முழுவதற்கு 200 மைக்ரோ வினாடி. பெருக்கிக் கூட்டினால் 6,132 மைக்ரோ வினாடி. அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 160 கட்டளைகள். பெட்டி ஓயாமல் கட்டளைகளைத் திரும்பத் திரும்ப அனுப்புவதால், ஒன்றிரண்டு கெட்டுப்போனால் நமக்குத் தெரிவதில்லை. பல தொடர்ந்து கெட்டால் மட்டுமே இரயில் 'கேளாததாக' ஆகிறது. அப்போதும், புதுக் கட்டளை வராதவரை, அது பொதுவாகக் கடைசியாகக் கேட்ட கட்டளைப்படியே ஓடிக்கொண்டிருக்கும். 'நில்' என்று அழுத்தியும் நிற்காததன் காரணம் இதுவே. அது பிடிவாதம் அன்று. சொல் போய்ச் சேரவில்லை.

'பலம்' என்பது என்ன?

வானொலியில் நிலையத்தைவிட்டு விலக விலக ஒலி மங்குவதை நாம் அறிவோம். அதுபோல இங்கும் சமிக்ஞை தூரத்தில் தேய்கிறது என்று எண்ணுவது பொருந்தாது. இங்கே மின்சாரத்தின் மாறுதலே செய்தி. மின்சாரம் முழுமையாகப் போய்ச் சேர்ந்தால் பெரும்பாலும் செய்தியும் முழுமையாகப் போய்ச் சேரும். ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி, "சமிக்ஞைக்குப் பலம் உண்டா?" என்பதன்று, "வழியில் தடை எங்கே இருக்கிறது?" என்பதே.

தடை என்றதும் ஓம் விதி நினைவுக்கு வர வேண்டும். ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜார்ஜ் சைமன் ஓம், 1827-இல் தம் நூலில் வெளியிட்ட விதி அது. இழக்கும் மின்னழுத்தம் = மின்னோட்டம் × மின்தடை. இந்த ஒரு வரியே நம் முழு ஆயுதம்.

1 சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள செம்புக் கம்பியில் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 0.0172 ஓம் தடை உண்டு. மேசையின் அடியில் பூஸ்டரிலிருந்து மறுகோடிவரை 10 மீட்டர் செல்லும் தலைமைக் கம்பியை எடுத்துக்கொள்வோம். மின்சாரம் போகவும் திரும்பவும் வேண்டும் என்பதால் கம்பியின் நீளம் 20 மீட்டர். ஓர் என்ஜினுக்கு அரை ஆம்பியர் வீதம் 8 என்ஜின்கள் ஓடுகின்றன. மொத்தம் 4 ஆம்பியர்.

கம்பி 0.5 சதுர மில்லிமீட்டர் என்றால்: தடை 0.69 ஓம், இழப்பு 2.75 வோல்ட், 14 வோல்ட்டில் எஞ்சுவது 11.25.
கம்பி 2.5 சதுர மில்லிமீட்டர் என்றால்: தடை 0.14 ஓம், இழப்பு 0.55 வோல்ட், எஞ்சுவது 13.45.

பெட்டியும் என்ஜினும் மாறவில்லை. மாறியது கம்பியின் பருமன் ஒன்றே. வீட்டுச் சுவரில் பதிக்கும் பருமனான கம்பியை ஒரு பொம்மை இரயிலுக்கு எதற்கு என்று கேட்பவர்க்கு இதுவே விடை.

"கம்பி எதற்கு, தண்டவாளமே உலோகம் ஆயிற்றே?" என்று ஒரு மாணவி கேட்கலாம். நல்ல கேள்வி. மாதிரித் தண்டவாளம் பெரும்பாலும் 'நிக்கல் வெள்ளி' என்னும் உலோகக் கலவையால் ஆனது. பெயரில் வெள்ளி இருக்கிறதே தவிரப் பொருளில் இல்லை. செம்பு, நிக்கல், துத்தநாகம் ஆகிய மூன்றின் கலவை அது. அதன் தடை செம்பைப்போல் பத்து மடங்கிற்கும் மேல். அத்துடன் துண்டுத் தண்டவாளங்களை இணைக்கும் சிறு தகடுகள் நாளடைவில் தளர்கின்றன; இடுக்கில் தூசியும் களிம்பும் சேருகின்றன. ஒவ்வோர் இணைப்பும் ஒரு புதிய தடை. எனவே தண்டவாளத்தை மட்டும் நம்பாமல், அடியில் பருமனான தலைமைக் கம்பியை ஓட்டி, சிறிது தூரத்திற்கு ஒன்றாகக் குட்டையான கிளைக் கம்பிகளை மேலே கொண்டுவந்து தண்டவாளத்தில் பற்றவைக்கிறார்கள். பெரிய வாய்க்காலிலிருந்து ஒவ்வொரு பாத்திக்கும் மடை திறப்பது போன்றது இது.

சும்மா இருக்கும்போது குறை தெரியாது

இனி அளந்து பார்ப்போம். மல்டிமீட்டரை எடுத்துப் பெட்டியருகே அளந்தால் 14 வோல்ட். மேசையின் மறுகோடியில் அளந்தாலும் 14 வோல்ட்! "பாதையில் குறையே இல்லை, என்ஜின்தான் கெட்டுவிட்டது" என்று பலர் முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான்.

மீட்டர் பொய் சொல்லவில்லை. நாம்தான் அரைக் கேள்வி கேட்டோம். இழப்பு = மின்னோட்டம் × தடை என்றோம் அல்லவா? மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிகமிகக் குறைவு. பூச்சியத்தை எதனால் பெருக்கினாலும் பூச்சியமே. எவ்வளவு பெரிய தடை வழியில் இருந்தாலும், சுமை ஏற்றாதவரை அது வெளியே தெரியாது. ஆளில்லாதபோது உறுதியாகத் தோன்றும் பழைய ஏணி, ஏறும்போதுதான் தன் குறையைக் காட்டும்.

ஆகவே சுமையுடன் அளக்க வேண்டும். கார், மோட்டார் சைக்கிள்களில் வரும் 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்று போதும். அது ஏறத்தாழ 1.75 ஆம்பியர் இழுக்கும். அதனைச் சோதிக்கும் இடத்தில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே இணைத்து, எரியும்போதே வோல்ட்டை அளக்க வேண்டும். பல்பு கடுமையாகச் சூடாகும். பிளாஸ்டிக் பாகங்களில் படாதவாறு பீங்கான் தட்டில் வைக்கவும். குளிர்ந்த இழைக்குத் தடை குறைவு என்பதால் இணைத்த கணத்தில் பூஸ்டர் ஒருமுறை நின்று மீண்டும் தொடங்கினால் அஞ்ச வேண்டா.

இன்னொரு கவனமும் வேண்டும். சாதாரண மல்டிமீட்டர் வீட்டு மின்சாரத்தின் 50 சுழற்சிக்காகச் செய்யப்பட்டது. இங்கே வினாடிக்கு 5,000 முதல் 8,600 சுழற்சிவரை உள்ளது. அலையின் வடிவமும் வேறு. எனவே அது காட்டும் எண் உண்மை அளவினின்று சற்று விலகியிருக்கலாம். அதனால் கெடுதல் இல்லை. எல்லா இடத்திலும் ஒரே மீட்டரை, ஒரே நிலையில் வைத்து அளந்து, எண்களுக்கு இடையே உள்ள வேற்றுமையை மட்டும் நோக்க வேண்டும். தராசு கால் பலம் கூட்டிக் காட்டினாலும், இரண்டு காய்களில் எது கனம் என்பதை அதே தராசு சரியாகவே சொல்லும்.

எடுத்துக்காட்டாக, மறுகோடியில் பல்பு எரியும்போது இவ்வாறு அளவுகள் கிடைப்பதாகக் கொள்வோம்:

பூஸ்டரின் முனையில்: 14.0 வோல்ட்
தலைமைக் கம்பியின் கடைசியில்: 13.8 வோல்ட்
கிளைக் கம்பி பற்றவைத்த தண்டவாளத்தில்: 13.7 வோல்ட்
அதற்கு அப்பால் இரண்டு இணைப்புத் தகடுகள் தாண்டி: 11.2 வோல்ட்

இனி யாரும் சொல்லாமலே தெரிகிறதன்றோ! முதல் மூன்று இடங்களிலும் சேர்ந்து இழந்தது 0.3 வோல்ட். அந்த இரண்டு தகடுகளில் மட்டும் இழந்தது 2.5 வோல்ட். குற்றவாளி அங்கேதான். என்ஜினைத் திறக்கவும் வேண்டா, புதுப்பெட்டி வாங்கவும் வேண்டா. அந்த இணைப்புக்கு அப்பால் ஒரு கிளைக் கம்பியைப் பற்றவைத்தால் குறை தீரும்.

பாதை நீளமாக இருந்தால் ஒவ்வோர் அடியாக அளக்கத் தேவையில்லை. முதலில் நடுவில் அளக்க வேண்டும். அங்கே நன்றாக இருந்தால் குறை மறுபாதியில். இல்லையேல் இந்தப் பாதியில். மீண்டும் அந்தப் பாதியின் நடுவில் அளக்க வேண்டும். 32 இணைப்புகள் இருந்தாலும் ஐந்தே முறையில் குறையுள்ள இணைப்பை நெருங்கிவிடலாம்.

தேடும் வரிசை

செலவில்லாததை முதலில் செய்வதே சிக்கனம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றியபின் மீண்டும் அளக்க வேண்டும். மூன்றை ஒருசேர மாற்றிவிட்டால் எது மருந்தாயிற்று என்பது தெரியாமற் போகும்.

1. அழுக்கு. சக்கரமும் தண்டவாளமும் தொடும் இடம் மிகச் சிறியது. அங்கே தோன்றும் நுண்ணிய தீப்பொறிகளாலும் எண்ணெய், தூசியாலும் கருமை படிகிறது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் தண்டவாளத்தையும் சக்கரங்களையும் துடைக்க வேண்டும். அது எளிதில் தீப்பற்றும்; சன்னல் திறந்திருக்கட்டும். உப்புத்தாள் வேண்டா, அது உண்டாக்கும் கீறல்களில் அழுக்கு மேலும் தங்கும். இரும்பு நார் அறவே வேண்டா. அதன் துகள்களை மோட்டாரின் காந்தம் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

2. ஒரே என்ஜினா, எல்லா என்ஜினுமா? ஓர் என்ஜின் எல்லா இடத்திலும் தடுமாறினால் குறை அந்த என்ஜினில். எல்லா என்ஜின்களும் ஒரே இடத்தில் தடுமாறினால் குறை அந்த இடத்தில். இந்த ஒரு கேள்வி பாதி வேலையைக் குறைத்துவிடும்.

3. இணைப்புகளும் பாயிண்ட்டுகளும். பாதை மாற்றும் பாயிண்ட்டில் அசையும் நாக்கு, வெறும் தொடுதலால் மட்டுமே மின்சாரத்தைக் கடத்துவது உண்டு. அது தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

4. கிளைக் கம்பிகள். பற்றவைத்த இடம் பளபளப்பாக இருக்கிறதா, மங்கிப் பிளவுபட்டிருக்கிறதா? மெதுவாக இழுத்துப் பார்த்தால் கையோடு வந்துவிடுகிறதா?

5. தலைமைக் கம்பி. பருமன் போதுமா? திருகுகள் இறுக்கமாக உள்ளனவா? நீளமான கம்பியில் மின்சாரம் விரைந்து திசைமாறும்போது அலையின் விளிம்பில் கூர்முனைகள் தோன்றுவதுண்டு. அவை செய்தியின் வடிவைக் குலைக்கும். இரண்டு கம்பிகளையும் சடை பின்னுவதுபோல் ஒன்றோடொன்று முறுக்கி ஓட்டினால் இது குறையும். நீளம் மிகுதியானால், கோடியில் 100 ஓம் தடையையும் 0.1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியையும் வரிசையாகச் சேர்த்து, இரு கம்பிகளுக்கும் குறுக்கே இணைப்பர். வோல்ட் குறையாமல் கட்டளை மட்டும் தவறும்போது நினைவுகொள்ள வேண்டியது இது.

6. பூஸ்டர். இத்தனையும் சரியாக இருந்து, பல என்ஜின்கள் ஓடும்போது மட்டும் குறை தோன்றினால், சுமை பூஸ்டரின் வரம்பை நெருங்குகிறது. அப்போதுதான் இரண்டாவது பூஸ்டரைப் பற்றி எண்ண வேண்டும்.

நாணயச் சோதனையும் நெருப்பும்

இனிச் சொல்வதைப் பெற்றோரும் கவனிக்க வேண்டும். இரயில் தடம்புரண்டு சக்கரங்கள் இரண்டு தண்டவாளத்தையும் இணைத்துவிட்டால் ஷார்ட் சர்க்யூட் ஏற்படும். அப்போது மின்னோட்டம் வரம்பை மீறும். பூஸ்டர் உடனே தானாக நின்றுவிடும். 5 ஆம்பியர் வரம்புள்ள பூஸ்டர் இவ்வாறு நிற்க வேண்டுமானால் 5 ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம் பாய வேண்டும். 14 வோல்ட்டை 5 ஆம்பியரால் வகுத்தால் 2.8 ஓம். அதாவது வழியிலுள்ள மொத்தத் தடை 2.8 ஓமுக்குக் குறைவாக இருந்தால்தான் காவல் வேலை செய்யும்.

மெல்லிய கம்பியும் துருப்பிடித்த இணைப்புகளும் சேர்ந்து தடை 3 ஓம் ஆகிவிட்டதென்று கொள்வோம். ஷார்ட் ஆனாலும் பாய்வது 14 ÷ 3 = 4.67 ஆம்பியரே. பூஸ்டர் இதைப் பல என்ஜின்கள் ஓடுவதாகவே எண்ணிக்கொள்ளும், நிற்காது. அந்தச் சக்தி எங்கே போகும்? 14 × 4.67 = 65 வாட் வெப்பமாகக் கம்பியிலும் இணைப்பிலும் சக்கரத்திலும் இறங்கும். வானொலி பழுதுபார்ப்பவர் ஈயத்தை உருக்கும் சிறு சூட்டுக்கோல் 25 வாட்தான்! தண்டவாளத்தின் அடியிலுள்ள பிளாஸ்டிக் உருகும்; அருகில் காகிதமோ பஞ்சோ இருந்தால் அதற்கு மேலும் நேரலாம். இரயில் மெதுவாக ஓடுகிறதே என்று நாம் அலட்சியம் செய்த அதே தடை, இங்கே காவலாளியின் கண்ணைக் கட்டிவிடுகிறது.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. தண்டவாளத்தின் ஒவ்வொரு பகுதியிலும் ஓர் உலோக நாணயத்தைக் குறுக்காக ஒரு கணம் வைத்து எடுக்க வேண்டும். வைத்த உடனே பூஸ்டர் நின்றால் அந்த இடம் பாதுகாப்பானது. நிற்கவில்லை என்றால், நாணயத்தை உடனே எடுத்துவிட்டு, அந்த இடத்திற்குக் கிளைக் கம்பி போடும்வரை இரயிலை ஓட்டலாகாது. பெரியவர் ஒருவர் அருகிலிருக்கும்போது, பெட்டியின் வெளியீட்டுப் பக்கத்தில் மட்டுமே இச்சோதனையைச் செய்க. வீட்டு மின்சாரம் வரும் பக்கத்தை மாணவியர் தொடவே கூடாது.

பெரிய இரயிலுக்கும் இதே பாடம்

தண்டவாளத்தின் வழியே செய்தி அனுப்புவது பொம்மை இரயிலில் தோன்றிய புதுமை அன்று. 1872-இல் அமெரிக்கரான வில்லியம் ராபின்சன், தண்டவாளத்திலேயே மின்னோட்டத்தைச் செலுத்தி இரயில் இருப்பதை அறியும் மூடிய தடச்சுற்றுக்குக் காப்புரிமை பெற்றார். பாதை காலியாக இருந்தால் மின்னோட்டம் மறுமுனையிலுள்ள ரிலேயை அடையும். இரயில் வந்தால் சக்கரங்கள் குறுக்கே இணைத்துவிட, ரிலேக்கு மின்னோட்டம் போகாது, சிக்னல் சிவப்பாகும். கம்பி அறுந்தாலும், மின்கலம் தீர்ந்தாலும் சிவப்பே. ஐயம் வந்தால் 'நில்' என்பதே அதன் விதி. கெட்டுப்போன கட்டளையைத் தள்ளிவிடும் நம் டிகோடருக்கும் இதற்கும் உள்ள உறவு தெரிகிறதல்லவா?

ஆனால் எத்துணை நல்ல அமைப்பையும் ஒரு கம்பி கெடுத்துவிடும். 1988 டிசம்பர் 12-ஆம் நாள் காலை இலண்டனில் கிளாப்பம் சந்திப்புக்கு அருகே இரயில்கள் மோதி 35 பேர் உயிரிழந்தனர். சிக்னல்களைப் புதுப்பிக்கும் பணியின்போது, வேண்டாத பழைய கம்பி ஒன்றை முழுவதும் நீக்காமல் ஒரு முனையை அப்படியே விட்டிருந்தார்கள். மூடப்படாத மறுமுனை பழைய இடத்தைத் தொட்டு மின்சாரம் கொடுத்தது. முன்னால் ஒரு வண்டி நின்றும் சிக்னல் சிவப்பாகவில்லை. அந்த வேலையைச் செய்தவருக்குப் பதின்மூன்று வாரங்களில் ஒரே ஒரு நாள்தான் ஓய்வு கிடைத்திருந்தது என்றும், முடிந்த வேலையைக் கம்பி கம்பியாக எண்ணிச் சரிபார்க்கத் தவறினார்கள் என்றும் விசாரணை கண்டது. அதன்பின் சிக்னல் பணியாளரின் வேலை நேரத்திற்கும், பணி முடிந்ததும் செய்யும் சோதனைக்கும் கடுமையான விதிகள் வந்தன.

மேசை இரயிலில் ஒரு கம்பியைச் சோதிக்காவிட்டால் வண்டி நிற்கும். பெரிய இரயிலில் ஒரு கம்பியைச் சோதிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கிளாப்பம் காட்டிவிட்டது. வேலை முடிந்தபின் ஒருமுறை அளந்து பார்ப்பது என்னும் பழக்கத்தைச் சிறியதில் கற்றுக்கொள்பவரே பெரியதைக் கையாளத் தகுதி பெறுகிறார்.

பயிற்சி வினாக்கள்

1. தலைமைக் கம்பி 6 மீட்டர் நீளம், 1.5 சதுர மில்லிமீட்டர் பருமன். 3 ஆம்பியர் பாய்ந்தால் கோடியில் எத்தனை வோல்ட் இழப்பு? (போக, வர இரண்டு கம்பிகள் என்பதை மறவாதீர்.)
2. 5-ஆம் எண் என்ஜினுக்கு முதல் தொகுதி 00000101. இரண்டாம் தொகுதி 01100100. சரிபார்ப்புத் தொகுதி யாது?
3. 16 வோல்ட் தரும் பூஸ்டர் 4 ஆம்பியரைத் தாண்டினால் நிற்கும். வழித்தடை எவ்வளவுக்குக் குறைவாக இருக்க வேண்டும்?

விடைகள்: (1) ஏறத்தாழ 0.41 வோல்ட். (2) 01100001. (3) 4 ஓம்.

மாணவியரே, இயற்பியல் தேர்வில் ஓம் விதியை எழுதி மதிப்பெண் பெறுகிறோம். அத்தோடு அது முடிந்துவிடுவதில்லை. வீட்டில் விளக்கு மங்கினாலும், மிதிவண்டி விளக்கு எரியாவிட்டாலும் இதே வரிசையில் தேடலாம்: குறை ஒரு பொருளிலா, ஓர் இடத்திலா என்று கேட்போம், சுமையோடு அளப்போம், நடுவில் தொடங்குவோம், ஒன்றை மட்டும் மாற்றி மீண்டும் அளப்போம். வீட்டிலும் வகுப்பிலும்கூட, ஒருவர் சொன்னபடி கேட்கவில்லை என்று சினம் கொள்ளுமுன், நாம் சொன்னது அவரிடம் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.